முடி உதிர்வு சிகிச்சை: தேவை, ஆராய்ச்சி நிதி, நோயாளிகள் அறிய வேண்டியவை

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பகுதிகளின் முதன்மைச் சாலைகளில் முடி சிகிச்சை விளம்பரப் பலகைகள் பெருகிவிட்டன. அரசு மருத்துவமனையின் புறநோயாளிகள் பிரிவுக்கு முடி உதிர்வுக்காக வருவோரில் பலர், அதற்கு முன்பே பல மாதங்களையும் கணிசமான பணத்தையும் செலவிட்டிருக்கின்றனர். தொழிற்பேட்டையில் பணிபுரியும் இளைஞர்கள், மகப்பேறுக்குப் பின் முடி கொட்டும் தாய்மார்கள், புழுவெட்டு கண்ட சிறுவர்கள், புற்றுநோய் சிகிச்சையில் இருப்போர் என இவர்களின் நிலை வெவ்வேறானது. ஆயினும் அனைவரும் கேட்கும் கேள்விகள் இரண்டே: “இதற்கு நல்ல மருந்து ஏன் இன்னும் வரவில்லை? இருக்கும் மருந்துகளில் எதை நம்புவது?” இக்கட்டுரை இவ்விரு கேள்விகளுக்கும் விடையளிக்கிறது.

முடி உதிர்வு ஒரே நோய் அன்று

தலையில் ஏறத்தாழ ஒரு லட்சம் மயிர்க்கால்கள் உள்ளன. ஒவ்வொரு முடியும் 2 முதல் 6 ஆண்டுகள் வரை வளர்ந்து, சில மாதங்கள் ஓய்ந்து, பின் உதிர்கிறது. ஆகவே நாள்தோறும் 50 முதல் 100 முடிகள் வரை உதிர்வது இயல்பு. இதற்கு மேற்பட்ட உதிர்வைப் பின்வரும் வகைகளாகப் பிரித்துக் காணலாம்.

மரபுவழி வழுக்கை: ஆண்களுக்கு நெற்றியோரத்திலும் உச்சியிலும் தொடங்கும். பெண்களுக்கு வகிடு அகலமாகித் தெரியும். டைஹைட்ரோடெஸ்டோஸ்டிரோன் என்னும் ஹார்மோனுக்கு மயிர்க்கால்கள் சுருங்குவதே ஆண்களுக்கு இதன் காரணம். தலைக்கவசம் அணிவதால் வழுக்கை வருவதில்லை.

பரவலான திடீர் உதிர்வு: டெங்கு, டைபாய்டு, கோவிட் போன்ற காய்ச்சல்கள், மகப்பேறு, அறுவை சிகிச்சை, கடும் உணவுக் கட்டுப்பாடு ஆகியவற்றுக்குப் பின் 2 அல்லது 3 மாதங்கள் கழித்துத் தொடங்கும். பெரும்பாலும் 6 மாதங்களில் தானாகவே சீராகிவிடும்.

புழுவெட்டு: வட்ட வட்டமாக முடி கொட்டும். பெயரில் புழு இருந்தாலும் இதில் புழுவோ பூச்சியோ கிடையாது. உடலின் நோய் எதிர்ப்பு அணுக்களே மயிர்க்கால்களைத் தாக்குவதால் ஏற்படுகிறது. காரமான பொருள்களை வைத்துத் தேய்த்தால் தோல் புண்ணாகுமே அன்றி நோய் தீராது.

தழும்புடன் கூடிய உதிர்வு: மயிர்க்கால்கள் நிலையாக அழிந்துவிடும். அழிந்த இடத்தில் முடி மீண்டும் முளைக்காது. எனவே விரைந்து கண்டறிவது மிகவும் இன்றியமையாதது.

பிற காரணங்கள்: இரும்புச்சத்துக் குறைவு, தைராய்டு குறைபாடு, தலையில் படர்தாமரை, முடியை இறுகப் பின்னுதல், சில மருந்துகள். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு இரத்தசோகை உள்ளது. பெண்களின் முடி உதிர்வைக் காணும்போது முதலில் இரத்தப் பரிசோதனை செய்வதன் காரணம் இதுவே.

எந்த வகை என்று அறியாமல் தொடங்கும் சிகிச்சை வீண் செலவாகவே முடியும். மரபுவழி வழுக்கைக்கான மருந்து இரத்தசோகையால் வந்த உதிர்வைக் குணப்படுத்தாது. இரும்புச்சத்து மாத்திரையும் மரபுவழி வழுக்கையை நிறுத்தாது.

இன்றுள்ள மருந்துகள் வந்த வழி

மரபுவழி வழுக்கைக்கு உலகெங்கும் பயன்படும் முதன்மை மருந்துகள் இரண்டு. இரண்டுமே வேறு நோய்களுக்கென ஆராயப்பட்டவை.

மினாக்சிடில் உயர் இரத்த அழுத்தத்துக்கான மாத்திரையாக 1979இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதை உட்கொண்டோருக்கு உடலில் முடி அதிகமாக வளர்ந்தது. அந்தப் பக்க விளைவே பயனாக மாற்றப்பட்டு, 1988இல் தலையில் தடவும் மருந்தாக அது அங்கு அனுமதிக்கப்பட்டது.

பினாஸ்டரைடின் வரலாறு டொமினிக்கன் குடியரசின் கிராமம் ஒன்றில் தொடங்குகிறது. அங்கு ஒரு நொதியின் பிறவிக் குறைபாடு கொண்ட ஆண்களைப் பற்றிய ஆய்வு 1974இல் வெளியானது. அவர்களுக்குப் பின்னாளில் புராஸ்டேட் வீங்கவில்லை, வழுக்கையும் விழவில்லை. அந்த நொதியைத் தடுக்கும் மருந்து 1992இல் புராஸ்டேட் வீக்கத்துக்கும், 1997இல் குறைந்த அளவில் ஆண்களின் வழுக்கைக்கும் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதன் பின் கால் நூற்றாண்டுக்கும் மேலாக, மரபுவழி வழுக்கைக்கெனப் புதிய வகை மருந்து எதுவும் அங்கு அனுமதி பெறவில்லை.

பணம் இருந்தும் மருந்து ஏன் வரவில்லை?

மலேரியாவைவிட வழுக்கைக்கான ஆராய்ச்சிக்கே அதிக நிதி செல்கிறது என்று 2013இல் லண்டன் கூட்டம் ஒன்றில் பில் கேட்ஸ் குறிப்பிட்டார். வாங்கும் வசதி உள்ளோரின் தேவையே சந்தையில் ஆராய்ச்சியின் திசையை முடிவு செய்கிறது என்பது அவர் சுட்டிய குறை. ஏழை நாடுகளின் உயிர்க்கொல்லி நோய்களுக்கு நிதி போதவில்லை என்பது உண்மையே. அப்படியெனில், நிதி கிடைக்கும் வழுக்கைக்காவது மருந்துகள் பெருகியிருக்க வேண்டும் அல்லவா? அவ்வாறு நிகழாததற்குக் காரணங்கள் உள்ளன.

முதலாவது, நோயாளிகள் செலவிடும் பணம் பெரும்பாலும் ஆராய்ச்சிக்குச் செல்வதில்லை. எண்ணெய், ஷாம்பு, ஊட்டச்சத்து மாத்திரை, ஊசி, அறுவை சிகிச்சை ஆகியவற்றுக்கும் அவற்றின் விளம்பரங்களுக்குமே செல்கிறது. அழகுசாதனப் பொருளாக விற்கும்போது, மருந்துக்குத் தேவையான மனிதச் சோதனைகள் கட்டாயமில்லை. சோதனை இல்லாமலே விற்க முடிகிற இடத்தில், சோதனைக்குப் பணம் செலவிட நிறுவனங்களுக்கு ஊக்கம் குறைகிறது.

இரண்டாவது, ஆய்வே கடினமானது. முடி மெதுவாக வளர்வதால் ஒரு மருந்தின் பயனை அறிய 6 முதல் 12 மாதங்கள் தேவை. ஆய்வகத்தில் பெரிதும் பயன்படும் எலிகளுக்கு மனிதர்களைப் போன்ற வழுக்கை விழுவதில்லை. மயிர்க்காலின் அடியிலுள்ள அணுக்களை வெளியே எடுத்துத் தட்டில் வளர்த்தால், புதிய முடியை உருவாக்கும் திறனை அவை விரைவில் இழந்துவிடுகின்றன.

மூன்றாவது, வழுக்கை உயிரைப் பறிப்பதில்லை. நலமாக உள்ள இளைஞர் பல ஆண்டுகள் உட்கொள்ள வேண்டிய மருந்து என்பதால், சிறிய பக்க விளைவும் பெரிய தடையாகிறது. இந்தக் கண்டிப்பு நோயாளியின் நன்மைக்கே உரியது.

பொது நிதி பயன் தந்த இடம்: புழுவெட்டு

புழுவெட்டில் நிலைமை வேறாக உள்ளது. அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஏஞ்சலா கிறிஸ்டியானோ குழுவினர் 2010இல் இந்நோய்க்குரிய மரபணுக்களைக் கண்டறிந்தனர். அவருக்கே புழுவெட்டு இருந்தது. 2014இல் அக்குழு, ஜேக் எனப்படும் நொதிகளைத் தடுத்தால் மயிர்க்கால்கள் மீது நடக்கும் தாக்குதல் நிற்கும் என்று காட்டியது. அமெரிக்க அரசின் ஆராய்ச்சி நிதியும் இப்பணிகளுக்குத் துணை நின்றது. மூட்டுவாதத்துக்கென முன்பே இருந்த பாரிசிட்டினிப் 2022 ஜூன் மாதத்தில் கடுமையான புழுவெட்டுக்கு அமெரிக்காவில் அனுமதி பெற்றது. 12 வயதுக்கு மேற்பட்டோருக்கான ரிட்லெசிட்டினிப் 2023இல் வந்தது.

இதில் இந்தியாவுக்கும் தொடர்பு உண்டு. பாரிசிட்டினிப் மருந்தைக் கோவிட் சிகிச்சைக்காகத் தயாரிக்க, 2021 மே மாதத்தில் அதன் உரிமையாளரான எலி லில்லி இந்திய நிறுவனங்கள் பலவற்றுக்கு உரிமம் வழங்கியது. நோயின் அடிப்படைக் காரணத்தை அறியச் செலவிடும் பொது நிதியும், மருந்தை எளிய விலையில் தயாரிக்கும் திறனும் சேரும்போதே நோயாளிக்குப் பயன் கிடைக்கிறது என்பதற்கு இம்மருந்து சான்று. எனினும் இவ்வகை மருந்துகள் நோய் எதிர்ப்பு ஆற்றலைக் குறைப்பவை. காசநோய் பரிசோதனையும் தொடர் இரத்தப் பரிசோதனையும் இன்றி இவற்றை உட்கொள்ளக் கூடாது.

சிகிச்சைச் செலவை யார் ஏற்கிறார்கள்?

மருத்துவச் சேவைகளுக்கு ஜி.எஸ்.டி. விலக்கு உள்ளது. ஆனால் முடி மாற்று அறுவை சிகிச்சைக்கும் அழகுசார் அறுவை சிகிச்சைக்கும் அவ்விலக்கு இல்லை. பிறவிக் குறைபாடு, வளர்ச்சிக் குறைபாடு, விபத்து அல்லது காயத்தால் சிதைந்த உறுப்பைச் சீரமைப்பதற்கு மட்டுமே விலக்கு உண்டு. தனியார் மருத்துவக் காப்பீட்டுத் திட்டங்களும் அழகுசார் அறுவை சிகிச்சையைப் பொதுவாக ஏற்பதில்லை. ஆகவே முடி நடுவதற்கான முழுச் செலவும் நோயாளியின் மீதே விழுகிறது. தவணைத் திட்டம் என்று கூறப்படுவதும் கடனே என்பதை மறக்க வேண்டாம்.

நோயறிதலும் அடிப்படைச் சிகிச்சையும் அவ்வாறல்ல. இரத்தசோகை, தைராய்டு குறைபாடு, படர்தாமரை, புழுவெட்டு ஆகியவற்றுக்கு அரசு மருத்துவமனைகளில் கட்டணமின்றிப் பரிசோதனையும் சிகிச்சையும் பெறலாம்.

தேவை மிகுந்து, கண்காணிப்பு குறைந்தால்

2016 மே மாதத்தில் சென்னையில் மருத்துவக் கல்லூரி மாணவர் ஒருவர் முடி மாற்று அறுவை சிகிச்சையின்போது உடல்நிலை மோசமடைந்து உயிரிழந்தார். சிகிச்சை நடந்த இடம் அழகு நிலையத்துக்கான உரிமத்துடன் இயங்கியது என்பது பின்னர் தெரிய வந்தது. மருத்துவம் படித்தவருக்கே இந்நிலை நேர்ந்தது என்பதைப் பொதுமக்கள் கருத்தில் கொள்ள வேண்டும். தலையில் செலுத்தப்படும் உணர்விழப்பு மருந்து அளவு மீறினால் மூளையும் இதயமும் பாதிக்கப்படும். அவ்வேளையில் உயிர்காக்கும் கருவிகளும் அவற்றைக் கையாளத் தெரிந்த மருத்துவரும் அங்கேயே இருந்தாக வேண்டும்.

இத்தகைய இறப்புகளைத் தடுக்கப் பின்வரும் விதிகள் நடைமுறையில் உள்ளன.

1. தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டம், 1997. அதன் கீழான 2018ஆம் ஆண்டு விதிகள்: தனியார் சிகிச்சை மையங்கள் பதிவு செய்துகொள்வது கட்டாயம். பதிவுச் சான்றிதழைக் காட்டுமாறு கேட்பது நோயாளியின் உரிமை.

2. தேசிய மருத்துவ ஆணையத்தின் 2022 செப்டம்பர் வழிகாட்டுதல்: முடி மாற்று அறுவை சிகிச்சையை முறையான பயிற்சி பெற்ற பதிவு பெற்ற மருத்துவரே செய்ய வேண்டும். யூடியூப் காணொளிகளைப் பார்ப்பதோ, பயிலரங்குகளில் வேடிக்கை பார்ப்பதோ போதிய பயிற்சி ஆகாது.

3. மருந்து விதிகள், 1945, ஜே அட்டவணை: குணப்படுத்துவதாக மருந்துகள் உரிமை கோரக் கூடாத நோய்களின் பட்டியலில் வழுக்கையும் இளநரையும் உள்ளன. “வழுக்கை நிரந்தரமாகக் குணமாகும்” என்று கூறும் மருந்து விளம்பரம் விதிமீறல் ஆகும்.

தற்போதுள்ள சிகிச்சைகளும் எச்சரிக்கைகளும்

தடவும் மினாக்சிடில்: ஆண், பெண் இருபாலரும் பயன்படுத்தலாம். முதல் சில வாரங்களில் உதிர்வு கூடுவதுபோல் தோன்றும். அது பழைய முடி விலகிப் புதிய முடிக்கு இடம் தருவதால் ஏற்படுவது. பயன் தெரிய 4 முதல் 6 மாதங்கள் ஆகும். நிறுத்தினால் பெற்ற பயன் சில மாதங்களில் மறையும். கருவுற்ற பெண்களும் பாலூட்டும் தாய்மார்களும் தவிர்க்க வேண்டும். வீட்டில் பூனை இருந்தால் மருந்து அதன் மீது படாமல் பார்த்துக்கொள்க. அது பூனையின் உயிருக்கே ஆபத்தாகலாம்.

மினாக்சிடில் மாத்திரை: குறைந்த அளவில் சில மருத்துவர்கள் பரிந்துரைக்கின்றனர். கால் வீக்கம், படபடப்பு, முகத்தில் முடி வளர்தல் ஆகியவை நேரலாம். இதய நோய் உள்ளோர் தாமாக உட்கொள்ளக் கூடாது.

பினாஸ்டரைடு: ஆண்களுக்கு உரியது. சிலருக்குப் பாலுணர்வுக் குறைவும் மனச்சோர்வும் ஏற்படலாம். தற்கொலை எண்ணம் இதன் பக்க விளைவுகளில் ஒன்று என்று ஐரோப்பிய மருந்து முகமை 2025இல் உறுதி செய்தது. மனநிலை மாறினால் மாத்திரையை நிறுத்தி உடனே மருத்துவரை அணுக வேண்டும். கருவுற்ற பெண்கள் உடைந்த மாத்திரையைத் தொடக் கூடாது. ஆண் சிசுவின் வளர்ச்சியை அது பாதிக்கலாம். இம்மருந்து பி.எஸ்.ஏ. இரத்தப் பரிசோதனை அளவை ஏறத்தாழப் பாதியாகக் குறைத்துக் காட்டும். எனவே பரிசோதிக்கும் மருத்துவரிடம் இதனை மறவாமல் தெரிவிக்க வேண்டும்.

பி.ஆர்.பி. ஊசி: நோயாளியின் இரத்தத்திலிருந்தே பிரித்தெடுத்துத் தலையில் செலுத்தப்படுகிறது. சிலருக்குப் பயன் கிடைக்கிறது. ஆயினும் தயாரிக்கும் முறை இடத்துக்கு இடம் மாறுவதால் ஒரே சீரான பயனை உறுதி கூற இயலாது.

முடி மாற்று அறுவை சிகிச்சை: பின்தலை முடியை எடுத்து முன்தலையில் நடுவது. புதிய முடியை அது உருவாக்குவதில்லை, இருப்பதை இடம் மாற்றுகிறது. எஞ்சிய முடியைக் காக்க அதன் பின்னும் மருந்து தேவைப்படும்.

பயோட்டின் மாத்திரை: உடலில் குறைபாடு இல்லாதோருக்கு இதனால் பயன் இருப்பதற்குப் போதிய சான்று இல்லை. தைராய்டு பரிசோதனையையும், மாரடைப்பைக் கண்டறியும் ட்ரோபோனின் பரிசோதனையையும் இது தவறாகக் காட்டக்கூடும். இரத்தம் கொடுக்கும் முன் இதனை உட்கொள்வதைக் கட்டாயம் கூறவும்.

மொட்டை அடித்தல்: வேண்டுதலுக்காக முடி இறக்குவது அவரவர் நம்பிக்கை. அதனால் முடி அடர்த்தி கூடுவதில்லை. வெட்டிய முனை மழுங்கி இருப்பதால் தடித்ததுபோல் தோன்றுகிறது.

பணம் செலுத்தும் முன் கேட்க வேண்டியவை

1. எனக்கு உள்ளது எந்த வகை முடி உதிர்வு? அதனை எவ்வாறு உறுதி செய்தீர்கள்?
2. சிகிச்சை அளிப்பவரின் பெயர், கல்வித் தகுதி, மருத்துவக் கவுன்சில் பதிவு எண் என்ன?
3. இம்மையத்தின் பதிவுச் சான்றிதழ் எங்கே உள்ளது?
4. தரப்படும் மருந்தின் பெயரும் அளவும் சீட்டில் எழுதித் தரப்படுமா? பெயரில்லாப் புட்டியில் தரப்படும் மருந்தை ஏற்க வேண்டாம்.
5. எத்தனை மாதங்களில் எவ்வளவு பயன்? பயன் இல்லையெனில் எப்போது நிறுத்துவது?
6. நிறுத்தினால் என்ன ஆகும்? வாழ்நாள் முழுவதற்குமான செலவு எவ்வளவு?
7. அவசர நிலை ஏற்பட்டால் இங்குள்ள வசதிகள் யாவை?

இவற்றுக்குத் தெளிவான விடை தர மறுக்கும் இடத்தில் முன்பணம் செலுத்த வேண்டாம். “இன்று சேர்ந்தால் மட்டுமே தள்ளுபடி” என்று கூறினாலும் அவசரப்பட வேண்டியதில்லை. மரபுவழி வழுக்கையில் ஒரு வாரம் யோசித்து முடிவு செய்வதால் இழப்பு எதுவும் இல்லை.

தாமதிக்கக் கூடாத அறிகுறிகள்

தலையில் வலி, எரிச்சல், சீழ், செதில் ஆகியவற்றுடன் முடி கொட்டுதல். முடி உதிர்ந்த தோல் வழவழப்பாகித் தழும்பாதல். குழந்தைகளுக்கு முடி கொட்டுதல். புருவம், இமை முடி உதிர்தல். பெண்களுக்கு முடி உதிர்வுடன் மாதவிலக்குக் கோளாறும் முகத்தில் முடி வளர்ச்சியும் காணப்படுதல். இவற்றில் எது இருந்தாலும் தோல் நோய் மருத்துவரை விரைவில் அணுக வேண்டும்.

பராமரிப்பாளர்களின் கவனத்திற்கு

முடி உதிர்வு உயிரைப் பறிக்காது என்பதால் அது சிறிய துன்பம் ஆகிவிடாது. பெண் பார்க்கும் பேச்சு தள்ளிப்போவது, பள்ளியில் கேலிக்கு ஆளாவது, பணியிடத்தில் தொப்பியைக் கழற்றத் தயங்குவது ஆகியவை மனத்தை நாளடைவில் நலியச் செய்யும். “முடிதானே” என்று ஒதுக்குவதும், “மருந்து போட்டாயா” என்று நாள்தோறும் வினவுவதும் ஒரே அளவில் புண்படுத்தும். புற்றுநோய் மருந்துகளால் உதிரும் முடி, சிகிச்சை முடிந்தபின் பெரும்பாலோருக்கு மீண்டும் வளரும். அதுவரை செயற்கை முடியோ தலைத்துணியோ அணிவது நோயாளியின் விருப்பத்தைப் பொறுத்தது. வீட்டார் வற்புறுத்த வேண்டாம். உறக்கமின்மை, தனிமை நாட்டம், உயிர் மீது வெறுப்பு ஆகியவை தோன்றினால் 14416 என்ற டெலி-மனாஸ் எண்ணை எந்நேரமும் அழைக்கலாம்.

எங்கு அணுகுவது?

முதலில் அருகிலுள்ள அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தையோ, அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி அரசு மருத்துவமனைகளையோ அணுகி, அடிப்படைப் பரிசோதனை செய்துகொள்ளலாம். தோல் நோய்ப் பிரிவுக்குப் பரிந்துரைக்கப்பட்டால், ஆவடி, அம்பத்தூர் பகுதியினர் மின்சார ரயிலில் சென்ட்ரல் வந்து எதிரிலுள்ள ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனைக்கோ, திருவள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ செல்லலாம். பூந்தமல்லி பகுதியினருக்குப் பூந்தமல்லி நெடுஞ்சாலையிலுள்ள கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை எளிது. இ.எஸ்.ஐ. காப்பீடு உள்ள தொழிலாளர்கள் தங்களுக்குரிய இ.எஸ்.ஐ. மருந்தகம் வழியே பரிந்துரை பெறலாம். செல்லும்போது இதுவரை பயன்படுத்திய மருந்துகள், எண்ணெய்கள், மாத்திரைகள் அனைத்தையும் உடன் எடுத்துச் செல்லவும்.

மருத்துவ ஆலோசனைக்கு 104 எண்ணையும், மருந்தின் பக்க விளைவைத் தெரிவிக்க 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணையும், பணம் பெற்று ஏமாற்றியது குறித்துப் புகார் அளிக்க 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணையும் அழைக்கலாம். பதிவு பெறாத சிகிச்சை மையங்கள் குறித்து மாவட்ட மருத்துவ நலப்பணிகள் இணை இயக்குநரிடம் எழுத்து மூலம் புகார் அளிக்கலாம். பக்க விளைவையும் ஏமாற்றத்தையும் நோயாளிகள் வெட்கப்பட்டு மறைப்பதே, தவறான சிகிச்சைகள் தொடர வழி செய்கிறது. ஒருவர் அளிக்கும் புகார் அடுத்து வரும் பலரைக் காக்கும்.

முடி உதிர்வுக்குச் சிறந்த சிகிச்சை வேண்டும் என்ற கோரிக்கை நியாயமானது. முகப்பரு மருந்தாக 2020இல் அனுமதி பெற்ற கிளாஸ்கோடெரோன் உட்படச் சில மருந்துகள் வழுக்கைக்காக மனிதச் சோதனைகளில் ஆராயப்பட்டு வருகின்றன. அவை பயன் தரும் என்று உறுதியாகும் வரை, சான்று உள்ள சிகிச்சையை மட்டும் கேட்டுப் பெறுவதும், சான்று இல்லாதவற்றுக்குப் பணம் தர மறுப்பதும் நோயாளிகளின் கையில் உள்ளன. இக்கட்டுரை பொதுத் தகவலுக்கானது. மருத்துவரின் நேரடிப் பரிசோதனைக்கு இது மாற்று ஆகாது.